பதினோராவது கேள்வி

காது கேட்கும் கருவிக்கு அரசாங்கம் பணம் தருமாம்.
அதற்கு நான்கு பக்கப் படிவம்.
ஈஸ்ட்போர்ட்டின் மூடுபனி சன்னலை ஒட்டி நிற்க
சமையலறை மேசையில் நான் கேட்கிறேன்,
சத்தமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

பெயர்: ஆன்சல் மெர்சியர்.
பிரிவு: கடலோரக் காவல்படை.
பதினொன்று: பங்கேற்ற போர்கள்.
கொடுத்திருக்கும் இடம் இரண்டு விரற்கடை.

"சதுரம் என்று எழுது" என்கிறார் அப்பா.

சதுரம்தான். வட அட்லாண்டிக்கில்
பத்து மைல் நீளம் பத்து மைல் அகலம்
யாரோ பென்சிலால் போட்ட கட்டம்.
அதற்குள் இருபத்தொரு நாள்
செக்குமாடாய்ச் சுற்றியது கப்பல்.
சுடப் போனவர்கள் இல்லை, துரத்தப் போனவர்களும் இல்லை.
காற்றை அளக்கப் போனவர்கள்.
ஆளுயர பலூனில் வாயு நிரப்பி
ரொட்டிப் பெட்டி அளவுக் கருவியை அடியில் கட்டி
மேலே விடுவது அப்பாவின் வேலை.
குளிர், ஈரம், அழுத்தம் என்று
அது மேகத்துக்குள்ளிருந்து முணுமுணுப்பதைக்
கேட்டுக் கேட்டு எழுதவேண்டும்.
"அப்போது எனக்கு நல்ல காது."

எதிரி?
இருந்தான், கீழே, தண்ணீருக்குள்.
அவனுக்கும் நாளைய வானிலை வேண்டும்,
நாம் அனுப்புவதை ஒட்டுக் கேட்கிறான்,
அதனால்தான் விட்டுவைத்திருக்கிறான்
என்பானாம் சமையற்காரன், உருளைக்கிழங்கு உரித்தபடி.

பயமாக இருந்ததா?
இது படிவத்தில் இல்லாத கேள்வி.
அவருக்குக் கேட்கவில்லை.
ஏற்கெனவே சர்க்கரை போட்ட காப்பியில்
இன்னொரு கரண்டி போடுகிறார்.

ஜனவரியில், தெறிக்கும் நீர் விழுமுன் உறையும்.
கம்பி, ஏணி, பீரங்கி எல்லாம் வெள்ளையாய்த் தடித்து
தலை கனத்துச் சாயும் கப்பல்.
மரச்சம்மட்டியால், பேஸ்பால் மட்டையால்
முறைவைத்து அடித்து உதிர்ப்பார்கள்.

அப்படி ஒரு காலையில் பலூன் ஏறவில்லை.
பனி பூசிக்கொண்டு
கொடிமர உயரத்தில் கூடவே வந்தது,
விடைபெறத் தெரியாத விருந்தாளி.
பிறகு மெல்லத் தாழ்ந்தது.
கருவி கடலைத் தொட்டது.
வலப்பக்கத் தளத்தில் டோர்சென் வழுக்கினான்,
சம்மட்டியோடு.

கயிறு எறிந்தார்கள். கை எட்டியது.
எட்டிய கையை அவனால் மூட முடியவில்லை.

அப்பாவின் காதில் கருவி சொல்லிக்கொண்டே இருந்தது:
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரை.
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றரை.
வானத்தை அளக்கப் பிறந்தது
டோர்சென் இருந்த தண்ணீரை அளந்தது.
எழுதுவதுதானே வேலை. எழுதினார்,
நேரம் போட்டு.

பலூன் நம்மைக் காட்டிக்கொடுக்கும், சுடு என்றார்கள்.
போர் முழுவதிலும் அப்பா சுட்டது அந்த ஒரு குண்டு.
அதுவும் நம்முடைய பலூனை.

ஏறாத பலூனின் எண்ணுக்கு மதிப்பில்லை,
அடித்துவிடு என்றார் அதிகாரி.
"சரி என்றேன். அடிக்கவில்லை."

பேனாவோடு காத்திருக்கிறேன்.
"ஒன்றுமில்லை என்று போடு."
கொஞ்சம் பொறுத்து,
"வேண்டாம், காலியாக விடு."
காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்கிறேன்.
இரண்டு தடவை.

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார்.
வெளியே ஆணியில் தொங்குகிறது வெப்பமானி.
எனக்கு நினைவு தெரிந்த நாளாய் ஆறு மணிக்கு
அதன் முன்னால் நிற்பவர்.
பள்ளிக்கு எந்தக் கோட்டு, தொப்பி வேண்டுமா வேண்டாமா,
எல்லாம் அவர் திரும்பி வந்து சொல்லும் எண்ணைக் கேட்டுத்தான்.
ஒருநாளும் அதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

சதுரம் என்றே எழுதுகிறேன்.

கையெழுத்துக்குக் கோடு காட்டுகிறேன்.
முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார்.
மணி, நிமிடம், வெளியிலிருக்கும் குளிர்.
பெயருக்கு இடம் போதவில்லை.