நான்காவது அடுக்கு

தம்பியின் தாடையைக் கம்பியால் கட்டிவிட்டு
ஆறு வாரம் என்றார்கள்.
துறைமுகப் படியில் பனிக்கட்டி, அவன் கையில் இரண்டு பெட்டி மீன்.
இதையும் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.
நாங்கள் பேசி இரண்டு வருஷம்.
படகை என்னைக் கேட்காமல் விற்றான்.
கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்,
எரிச்சலே அதுதான்.

அகுரேரியில் சிவப்பு விளக்குகள்
இதய வடிவில் எரியும்.
அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த மாலை
ஒவ்வொரு இதயத்துக்கும் நின்று நின்று வந்தோம்,
வண்டியில் வைப்பர் மட்டும் பேசியது.

நர்ஸ் கொடுத்த தாள்:
திரவம் மட்டும். விதை ஆகாது, நார் ஆகாது.
குமட்டினால் கம்பியை வெட்ட
குறடு கைக்கெட்டும் தூரத்தில்.
அதை ஃப்ரிட்ஜ் கதவில்
காந்தத்தோடு ஒட்டிவைத்தேன்,
பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்படி.

முதல் நாள் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்தேன்.
குடித்தான்.
குடித்துவிட்டு மின்சார பில்லின் முதுகில் எழுதினான்:
இது என்ன நிறம்?

நியாயமான கேள்வி. சிமெண்ட் நிறம்.

மறுநாளிலிருந்து அடுக்கினேன்.
அடியில் ருபார்ப், சர்க்கரையோடு குழைய வேகவைத்து
துணியில் பிழிந்தது.
மேலே ஸ்கீர் தயிர், பாலில் இளக்கி,
கரண்டியின் முதுகில் வழியவிட்டு.
அவசரப்பட்டால் இரண்டும் கட்டிப்புரண்டு
யார் எவர் என்று தெரியாமல் போய்விடும்.
அதற்கும் மேலே புளூபெர்ரி,
ஆகஸ்டில் சரிவில் குனிந்து பறித்து
உறையவைத்தது, இருமுறை வடிகட்டி.

ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறவனுக்கு அடுக்கு எதற்கு
என்றாள் மாடிவீட்டு ஸ்வான்ஹில்டூர்.
எனக்கும் தெரியவில்லை.

கில்சிதான் கண்டுபிடித்தான்.
ஸ்ட்ராவை அடிவரை இறக்கிச்
சிவப்பை மட்டும் இழுத்தான்.
வெள்ளையும் நீலமும்
லிஃப்ட் போல மெல்ல இறங்கி வந்தன.
அரை விரல் உயர்த்தினான்: வெள்ளை.
இன்னும் கொஞ்சம்: நீலம்.
விரும்பியது போக
விட்டுவைப்பதுதான் அதற்குப் பிறகு அவன் பேச்சு.
என் மேல் கோபமென்றால் ருபார்ப் மிஞ்சும்.
தூங்கவில்லையென்றால் நீலம்.
வெள்ளையை மட்டும் விட்ட அன்று
என்ன சொன்னான் என்று இன்றுவரை தெரியாது.
நின்றபடியே அதை நான் சாப்பிட்டேன்.

மூன்றாம் வாரம்
பாத்திரம் கழுவிக்கொண்டே படகை ஆரம்பித்தேன்.
அவன் பக்கத்தையும் நானே பேசவேண்டியிருந்தது.
நன்றாகத்தான் பேசினேன்,
ஒரு கட்டத்தில் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான்.
திரும்பிப் பார்த்தால்
பேனாவை உதறிக்கொண்டிருக்கிறான். மை இல்லை.
பேனாவை வைத்துவிட்டுக்
கிளாசை நீட்டினான், இன்னும் கொஞ்சம் என்று.

வியாழக்கிழமை கம்பி எடுத்தார்கள்.
வாய் ஒரு விரல் அகலம் திறந்தது.
இன்னும் இரண்டு வாரத்துக்கு
மெல்லுவதாக எதுவும் கூடாது என்றார் டாக்டர்.
சரி என்று தலையாட்டினோம், இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

அவனுக்கு வழக்கமான மூன்று அடுக்கு, ஆனால் கரண்டியோடு.
எனக்கு மட்டும் நான்காவது:
வெண்ணெயில் தேனும் உப்பும் சேர்த்து
வறுத்த ஓட்ஸ்.
கடைசி நொடியில் தூவ வேண்டும்,
முன்னாலேயே போட்டால் நமத்துவிடும்.
ஆறு வாரமாக இந்த வீட்டில் எதுவும் நொறுங்கவில்லை,
டோஸ்ட்கூட நான் குளியலறையில் நின்று தின்றேன்.

பதினொன்றரைக்கு வெளிச்சம் வந்தது.
என் கிளாசின் மேல் அவன் கை வந்தது.
ஒரே ஒரு துணுக்கு.
கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டுப் பல்லில் வைத்து,
நறுக்.

"ரக்கா," என்றான், துருப்பிடித்த கதவு மாதிரி.
"உப்பு அதிகம்."

உட்கார், என்றேன்.
இப்போது படகைப் பற்றிப் பேசலாம்.