பதினொரு அலகு

முழங்கால் இரண்டும் முறைப்பாடு செய்ய
மூடியைத் தூக்குகிறேன்.
குழிக்குள் ஈரமண், ஒரு மட்டத்தேள்,
அழுக்குக் கண்ணாடிக்குக் கீழே எண்கள்.
சின்னச் சிவப்புச் சில்லு சுற்றவில்லை.
பூச்சியம்.

அடுத்த வீட்டுக்காரர் ஸ்காபரோவில்.
கேற்றில் சங்கிலி.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து எழுதுவேன்,
போன மாத எண்தான்,
அதற்கு முந்தின மாத எண்ணும் அதுதான்.
பூச்சியத்துக்கும் பட்டியல் உண்டு.
மெஷின் கிர்ரென்று துப்பும்,
கேற்று இடுக்கில் செருகுவேன்,
பழைய பட்டியல் அங்கேயே வெளுத்துக் கிடக்கும்.

பாலையூற்றின் இந்தக் குறுக்குத் தெருவுக்கு
ஆறு அங்குலக் குழாய்.
நூற்று நாற்பது குடும்பம் குளிக்கும், குண்டி கழுவும்,
அரிசி களையும் என்று போட்ட கணக்கு.
இன்றைக்குச் சில்லு சுற்றுவது முப்பத்தொரு வீட்டில்.
ஆள் மெலிந்தால் சட்டையைப் பிடித்துத் தைக்கலாம்,
குழாயை என்ன செய்ய?
தண்ணி உள்ளே நிறைந்து நகராமல் கிடக்கும்,
குளோரின் செத்து, துரு நிறத்துக்குத் திரும்பும்.
அதனால் வியாழன் தோறும்
தெரு முடிவில் வால்வைத் திறந்து
ஒரு மணித்தியாலம் கானுக்குள் விடுகிறார்கள்,
கடைசி வீட்டு ஒக்டேவியா பார்த்தலோட்
ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குக்
கேத்தல் வைப்பதற்காக.

இது வீண்செலவு என்று கடிதம் வந்தது.
அதில் ஒருவருடைய பெயரும் இல்லை,
‘குறைந்த நுகர்வுப் பகுதி’ என்றிருந்தது.
மூன்று மாதம் இப்படியே போனால்
பதினேழாம் இலக்கத்துக்கு அப்பால் மூடுவது,
மிச்சப் பேருக்குப் பவுசர், கிழமைக்கு இரண்டு தரம்.
எழுபத்தெட்டு வயதில் வாளி தூக்குவது பற்றிக்
கடிதம் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கும் இப்போது மூன்று பேரின் பகுதி.
சிவஞானவேல் பென்சனில் போனார்,
றிஸ்மியா கட்டாருக்குப் போனாள்,
அந்த இரண்டு கதிரையிலும் பைல் அடுக்கியிருக்கிறது.
எனக்கு ஐம்பத்தெட்டு.
இந்தத் தெருவில் இன்னும் நான் ‘தம்பி’.

ஆவணியில் எண்கள் மாறின.
அந்தோனிமுத்து வீட்டில் நான்கு இருந்தது, பத்து.
ஹபீலா உம்மாவுக்கு மூன்று இருந்தது, ஒன்பது.
ஒக்டேவியா, எப்போதும் இரண்டு,
பதினொன்று.
யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்,
லண்டன் பேரப்பிள்ளைகள், கொடியில் குட்டி உடுப்புகள்.
கொடியில் ஒரே ஒரு கவுன், அதே பழைய கவுன்.
கசிவாக இருக்கும் என்று
குழாய் நெடுகக் காது வைத்துப் பார்த்தேன்.
கசியவில்லை.

பின்வளவால் போனால்,
அந்தோனிமுத்து ஹோஸைப் பிடித்து
ஸ்காபரோக்காரரின் மதிலுக்கு மேலால்
ஆளில்லாத தென்னைக்குத் தண்ணி விடுகிறார்.
ஒக்டேவியாவின் பைப் திறந்தபடி.
வாளி நிரம்பி வழிய, வாழையடிக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறது.
கலண்டர் தாளின் பின்பக்கத்தில் முறை எழுதிச் சுவரில்:
திங்கள் ஹபீலா. செவ்வாய் நான். புதன் முத்து.

“காசு?” என்று கேட்டேன்.
“மகன் மருந்துக்கு அனுப்பினது.
பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் சரி.
நீ எழுது தம்பி. களவில்லை.
மீட்டருக்குள்ளாலதான் போகுது.”

கந்தளாய்க் குளம் வயிறு ஒட்டிக் கிடக்கிற மாதம்.
அதையும் நினைத்தேன்.
பிறகு மெஷினில் விரல் வைத்தேன்.
ஒன்று. ஒன்று.
அது எதுவும் கேட்கவில்லை.

சூடான தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து
தொகையை வாசித்தாள், உதடு அசைய.
“வியாழக்கிழமை வருவாங்களா, கானுக்குள்ள விட?”
“தண்ணி ஓடுது, இனித் தேவையில்லை” என்றேன்.
“அப்ப சபைக்கு லாபம்தானே” என்று
எழும்பிப் போய்
பைப்பை இன்னும் அரைச்சுற்றுத் திறந்தாள்.