நாற்பத்தெட்டு பிக்சலில் மூன்று மான்கள்

கோத்தகிரியில்
பேக்கரிக்கு மேலே வாடகை அறை.
மடிக்கணினியில் பதினொரு சதவீத பேட்டரி.
ஜன்னல் முழுக்க மஞ்சு.

மூணு மான் டீயை
நீங்களும் பார்த்திருப்பீர்கள்:
சிவப்புப் பொட்டலம், மஞ்சள் வட்டம்,
ஒன்று ஓடும், ஒன்று மேயும்,
மூன்றாவது கழுத்தைத் திருப்பி
யாரையோ பார்க்கும்.
செல்போன் ஐகானாகச் சுருக்கினால்
மூன்றும் சேர்ந்து
ஒரு கரப்பான்பூச்சி.

"எந்த மானை எடுப்பே?" என்றார்
பேக்டரி முதலாளி ஆலா கவுடர்,
பங்காளியில் ஒருவரைக்
குடும்ப அட்டையிலிருந்து நீக்கச் சொன்னதுபோல.
மேய்வதை எடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.
ஓடுவதில் கை வைத்தேன்.
"ஓடாத மான் எப்படிய்யா விக்கும்?"
சமாதானமாக,
செயலி திறக்கும்போது மூன்று நொடி
அது திரை முழுக்க ஓடும் என்று
ஒப்புக்கொண்டு வந்தேன்.

கட்டபெட்டு தாண்டி
இலை எடை போடும் ஷெட்டில் சோதனை.
தவக்கொடி. ஒன்றரை ஏக்கர்.
பொத்தான் போனை விட்டு ஒரு மாதம் ஆகிறது.
விரலைச் சேலையில் துடைத்து அழுத்தினார்.
கறையேறி ரேகை தேய்ந்த விரல்,
திரை அவரை நம்பவில்லை.
மறுபடி அழுத்த
மான் ஓடியது.
ஓடியது.
ஓடி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

"இது எங்க போகுது?"
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்:
பயனர் கேள்வி, ஒன்று.

பிறகு முகப்பு வந்தது.
எங்கள் கதை. எங்கள் மலை. எங்கள் விருதுகள்.
ட்ரோன் எடுத்த பச்சைக்குள்
"அட, நம்ம தண்ணித் தொட்டி" என்று
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.
விலை எங்கே என்று கேட்டேன்.
மேல் மூலையில் மூன்று கோடு வைத்திருந்தேன்,
அதைக் கோடாகவே விட்டுவிட்டார்.
திரும்பிப் பார்க்கும் மானைத்தான்
தொட்டுக்கொண்டே இருந்தார்.
அது பொத்தான் இல்லை அக்கா.
"பாக்குதே" என்றார்.

அன்றிரவு பேக்கரி அடைத்தபின்
ஓட்டத்தை அழித்தேன்.
விருதுகளைக் கீழே தள்ளினேன்.
ஒற்றை மான், திருப்பிய கழுத்து,
இரண்டு பிக்சலில் ஒரு கண்.
தொட்டால் இன்றைய பச்சை இலை விலை.
சிக்னல் இல்லையென்றால் நேற்றையது, சாம்பல் நிறத்தில்.
கவுடர் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்
ஒரு மானுக்கு மை கம்மிதான் என்றார்,
பொட்டலத்தை யோசித்து.

வெளியான காலை
தவக்கொடி தொட்டார். முதல் தொடுகையிலேயே வந்தது
பதினாறு ரூபாய் ஐம்பது காசு.
தடித்த எழுத்துரு,
வெயிலில் பிடித்தாலும் மங்காத கறுப்பு.
அவர் தோளுக்கு மேலாக
நான்கு பேர் படித்தார்கள்.

எழுத்தை
எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம்.

"நல்லா தெரியுது" என்றார்,
போனை இடுப்பில் செருகிக்கொண்டு
மூட்டையைத் தராசில் ஏற்றப் போனார்.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
படிவத்தில் இன்னும்
தேடிக்கொண்டிருக்கிறேன்.