ஒரு பாயிண்ட்

ஐந்து ரோடு மருந்துக்கடையில் வாங்கிய பெட்டி
மூன்று நாள் பீரோ மேல் கிடந்தது.
நாலாம் நாள் விடியலில்
பூங்கோதை அதை மேசையில் வைத்துப் பிரித்தாள்.
கொசுவுக்காக ஓடிய மின்விசிறியை நிறுத்தினாள்,
காற்றடித்தால் என் ரத்தம் பறந்துவிடும் என்பதுபோல.

பேனா மாதிரி இருந்தது. பேனா இல்லை.
விரல் நுனியில் நடுவே குத்தாதீங்க, ஓரமாக,
நடுவில் வலிக்கும் என்று
கடைப் பையன் சொல்லியிருந்தான்.
வைத்தேன். அமுக்கவில்லை.
வைத்தேன். அம்மாப்பேட்டைத் தெருவில் பால் வண்டி போனது.
சேர்வராயன் மலை பனிக்குள் பாதிதான் தெரிந்தது.
அமுக்கவில்லை.
'குடுங்க' என்று பூங்கோதை கை நீட்டியபோது
டக்.

சத்தம்தான் பெரிது.
பிதுக்கியதில் கடுகளவு.
ஸ்ட்ரிப் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டது.
ஐந்து, நான்கு, மூன்று என்று மிஷின் எண்ணியது.
இருநூற்றுப் பன்னிரண்டு.

எண் பார்ப்பது எனக்குப் புதிதல்ல.
வாழப்பாடி ரோட்டில் ஜவ்வரிசி ஆலை.
பத்தொன்பது வருஷமாக
மரவள்ளிக்கு நான்தான் பாயிண்ட் பார்க்கிறேன்.
மூட்டையில் ஐந்து கிலோ எடுத்து
தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்டால்
முள் ஆடும்.
மாவு கூடினால் பாயிண்ட் கூடும், பாயிண்ட் கூடினால் காசு.
முள் நிற்பதற்குச் சற்று முன்னால்
வாய் முந்திக்கொள்ள வேண்டும்.
இருபத்தெட்டில் நிற்கப் போவதை
இருபத்தேழு என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்குவேன்.
ஒரு பாயிண்ட்தான்.
அதற்கு முதலாளி தீபாவளிக்குக் கவர் தருவார்.

பூங்கோதை கோடு போட்டுத் தந்த நோட்டில்
வெறும் வயிறு என்ற கட்டத்தில்
நூற்று எழுபத்திரண்டு என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
பழகின கை.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு தட்டுவடை செட்.
இல்லை, இரண்டு.
இரண்டு மணி நேரம் கழித்து இருநூற்று அறுபத்தெட்டு.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன்.
இருநூறு என்றால் வீட்டில் பேச்சு வரும்.
கிழங்குக்கு ஒன்று குறைக்கிறவன்
எனக்கென்று வந்தால் எழுபது குறைக்கிறேன்.
பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும்
ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்றேன்.
டப்பாவில் பதினொன்று இருந்தது.

இருபதாம் நாள்
டாக்டர் மெஹ்ருன்னிசா நோட்டைப் புரட்டி
பரவாயில்லையே என்றார்.
பிறகு மிஷினைக் கேட்டார்.
பெருவிரலால் ஒரு பொத்தான்.
அது தேதியோடு, மணியோடு
பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது.

அதற்கு ஞாபகம் உண்டு என்று எனக்குத் தெரியாது.
பூங்கோதையைப் பார்த்தேன்.
அவள் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தாள்.
பெட்டிக்குள் இருந்த காகிதத்தை
அன்றே முழுசாகப் படித்தவள் அவள்தான்.

டாக்டர் திட்டவில்லை.
நோட்டையும் மிஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
'சித்தேஸ்வரன், நான் எதைப் பார்த்து மாத்திரை எழுதட்டும்?'

திங்கட்கிழமை
காரிப்பட்டி செங்கோடனின் லோடு வந்தது.
கூடையைத் தொங்கவிட்டேன்.
முள் ஆடியது.
வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.
நின்றது.
இருபத்தொன்பது என்றேன்.

செங்கோடன் நம்பவில்லை.
'எப்பவும் விழாத பாயிண்டு இன்னைக்கு எப்படி விழுவுது?
எடையில எங்கியாச்சும் அடிக்கிறீங்களா?
மறுக்காப் போடுங்க.'
மறுபடி போட்டேன்.
இருபத்தொன்பது.
அப்போதும் அவர் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்,
அடியில் யாரோ ஒளிந்திருப்பதுபோல.
ஆபீஸ் ஜன்னலில் முதலாளி
டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

இரவு மோதிர விரல்.
மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது.
பூங்கோதை நோட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள்,
மிஷின் பக்கம் எட்டிப் பார்க்காமல்.
இருநூற்றுப் பதினாறு
என்றேன்.
எழுதினாள்.
எழுந்து போய்
மின்விசிறியைப் போட்டாள்.