பதினான்காவது வரிசை

ஊர் எல்லையில் ஒரு சிமெண்ட் ஆப்பிள் நிற்கிறது,
ஆள் உயரத்துக்கு. சாயம் வெளுத்துப்போய்
வழி தவறி வருகிறவர்கள்
தக்காளிக்கு இத்தனை மரியாதையா என்று
கேட்டுவிட்டுப் போகிறார்கள்.
நாங்கள் திருத்துவதில்லை.

இங்கே பள்ளிக்கூட விடுமுறை காய்ப்பைப் பார்த்து வரும்.
கடன் கொடுத்தவர்கூட
அக்டோபர் வரை வாய் திறக்க மாட்டார்.
மாதா கோயில் மணியைவிட
கூட்டுறவுச் சங்கத்துச் சங்குக்கு
ஊர் சீக்கிரம் எழும்.
அந்தச் சங்கை ஊதுவது என் வேலை.
ஏப்ரலில் நான் தூங்குவதில்லை.

நேற்று, இரண்டு மணி பத்து நிமிடம்.
வெப்பமானி பூஜ்யத்தைத் தொட்டது. ஊதினேன்.
மலையடிவாரம் வரை ஜன்னல்கள் மஞ்சளாகி
பம்புகள் இருமிக்கொண்டு எழுந்தன.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
உறைபனி இறங்கும் இரவில்
பூவின் மேல் தண்ணீர் தெளிப்போம்.
அது பூவைச் சுற்றிக் கட்டியாகும்.
கட்டியாகிறபோது
துளிச் சூட்டை விட்டுப்போகும்.
அதில்தான் பூ பிழைக்கிறது.
ஒன்றுதான் நிபந்தனை,
ஆரம்பித்தால் வெயில் வரும்வரை நிறுத்தக் கூடாது.
நடுவில் விடுவதற்குத்
தெளிக்காமலே இருந்திருக்கலாம்.

நோட்புர்காவும் ஹார்ட்விக்கும் பிரிந்து ஆறு வருடம்.
நீதிமன்றம் தோட்டத்தை அளந்து கொடுத்தது:
பதினான்காவது வரிசை வரை அவளுக்கு,
பதினைந்திலிருந்து அவனுக்கு.
ஏணி அவனுக்கு, நாய் அவளுக்கு.
மண்ணுக்கடியில் ஓடுகிற குழாயை மட்டும்
நீதிபதி பார்க்கவில்லை.
குழாய் ஒன்று. பம்பு ஒன்று.

கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால்
யாராவது ஒருவர் ரொட்டிக்கடைக்குள் நுழைந்துவிடுவார்,
பசிக்காவிட்டாலும்.
ரொட்டிக்கடை உல்ரிக்குக்கு அதில் வருத்தமில்லை.

மூன்றரை மணிக்கு அவர்கள் பம்பு நின்றது.
வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி
எனக்கு இங்கிருந்தே தெரிந்தது அந்தச் சத்தக் குறை.
டார்ச்சோடு ஓடினேன்.

நான் போவதற்குள்
அவள் டீசல் வடிகட்டியைக் கழற்றி
வாயால் ஊதிக்கொண்டிருந்தாள்,
இரவு உடைக்கு மேல் அவனுடைய பழைய கோட்டு.
அவன் விளக்குப் பிடித்தபடி
கோட்டைப் பார்த்தான். கேட்கவில்லை.
"பன்னிரண்டாம் நம்பர்" என்றாள்.
ஸ்பானர் கை மாறியது.
நான் கேட்டவரை அவ்வளவுதான் பேச்சு.
பம்பு இரண்டு முறை செருமி
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

விடிந்து வெயில் ஏறியதும்
கிளைகளிலிருந்து பனி கழன்று விழத் தொடங்கியது,
ஊரே சேர்ந்து பாத்திரம் கழுவுகிற ஓசை.
நோட்புர்கா ஒரு பூவை நகத்தால் கிள்ளித் திறந்தாள்.
உள்ளே பச்சை.
தாண்டிப்போய்ப் பதினைந்தாவது வரிசையிலும்
ஒன்றைக் கிள்ளினாள்.
"இதுவும் பச்சைதான்" என்றாள் என்னிடம்,
அவன் காதில் விழும்படி.

"டீசல் பாதிப் பாதி" என்றான் அவன்,
நாயிடம்.

இன்றைக்கும் பூஜ்யத்துக்குக் கீழே என்கிறது வானொலி.
மதியமே படுத்துப் பார்த்தேன்,
தூக்கம் வரவில்லை.
கோட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.