பார்த்துச் சொல்கிறேன்

நம் மொழியில் இது
இல்லை என்பதற்கு மரியாதையான பெயர்.
கடன் கேட்டவரிடம் சொல்வோம்.
பஜ்ஜி தின்று பெண் பார்த்து முடித்து
செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வோம்.

ஸ்ரீராமபுரத்தில் மட்டும்
அதைச் சொன்னபடியே செய்யத் தொடங்கினோம்.

நான் மீட்டர் கணக்கெடுப்பவன்.
எந்த வாசலில் நாய் கடிக்கும்,
எந்த வாசலில் பலகை மட்டும் கடிக்கும்,
எனக்குத் தெரியும்.
ஆற்றுத் தண்ணீர் தலைப்புச் செய்தியான
அந்தச் செப்டம்பர் மாலையில்
எனக்குத் தெரிந்த வாசல்களெல்லாம்
உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டன.

கோயில் தெருவில் நாலு பேரை வெட்டிவிட்டார்களாம்.
கைபேசியில் பதினோரு முறை வந்தது.
பதினோராவது முறை நாலு, ஒன்பதாகியிருந்தது.
எந்தப் பக்கத்து ஒன்பது என்பது
அனுப்புகிறவரைப் பொறுத்தது.
நானும் அனுப்பினேன், மைத்துனனுக்கு.
இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

விடிந்து பார்த்தால் கோயில் தெருவில்
ஒரு கோழிகூடச் சாகவில்லை.
ஆனால் ரயில் பாதையோரம்
முனிராஜின் ஆட்டோ
கம்பியும் சாம்பலுமாக நின்றது.
அம்மா தமிழ், அப்பா கன்னடம் அவனுக்கு.
கொளுத்தியவர்கள் யாராக இருந்தாலும்
பாதி தம்முடையதைத்தான் கொளுத்தினார்கள்.
கடன் தவணை முழுசாக இருந்தது.

புட்டலிங்கம்மாவின் பால் பூத்தில் முதல் கூட்டம்.
ஐந்து பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
கொடி இல்லை, உறுதிமொழி இல்லை,
பெயர் வைக்கப் போய்ச் சண்டை வந்ததால் பெயரும் இல்லை.
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எண்களை எழுதிக்கொண்டு அந்தம்மா சொன்னது ஒன்றுதான்:
"ஹோகி, நோட்கொண்டு பன்னி."
போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.
அதற்கப்புறம் வாயைத் திறங்கள்.

ஒரு தெரு அடுத்த தெருவைக் கேட்டது.
ஓகளிபுரத்தில் ஒருத்தர், குட்டஹள்ளியில் ஒருத்தர்,
மாகடி ரோட்டில் இரவு மருந்துக்கடை ஜாஸ்லின்,
பாதராயனபுரத்தில் பங்சர் ஒட்டும் இலியாஸ் பேக்.
இன்று நாற்பத்தொரு தெரு.
சிவண்ணா மட்டும் விலகிக்கொண்டார்:
"அவங்க முதல்ல வந்து பார்க்கட்டும்."
சரி, அவர் எண்ணை அடிக்கவில்லை.

போய்ப் பார்த்ததில் பெரும்பாலும் ஒன்றுமில்லை.
வாசலில் கிடந்த எலும்பு, நாய் இழுத்து வந்தது.
கிழிந்த கொடி, போன வாரக் காற்று.
கூட்டம் கூடியிருந்தது, தண்ணீர் லாரிக்கு.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று
நோட்டில் வரிவரியாக இருக்கிறது.
இவ்வளவு ஒன்றுமில்லையை
வேறெங்கும் யாரும் சேர்த்து வைத்ததில்லை.

ஒருமுறை உண்மையாகவே இருந்தது.
இலியாஸ் போய் நடுவில் நின்றிருக்கிறார்.
தலையில் ஏழு தையல்.
ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து அழைத்தார்:
"நிஜம்தான் பாய். ஆனா ஆறு பேர்.
அறுபதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

ஏழு தையலுக்குக் கீழே இருந்த அந்தத் தலை
சரியாக எண்ணியிருந்தது.
அன்றிரவு நாற்பத்தொரு தெருவும்
ஆறு என்றே சொல்லின.
ஆறு பேரை ஒரு நகரம் தாங்கும்.

இதனாலெல்லாம் யாரும் நல்லவர்களாகிவிடவில்லை.
ஒரு குப்பைப் பைக்காக
நானும் புட்டலிங்கம்மாவும் பேசி இரண்டு மாதம் ஆகிறது.
பாலை வாங்கிக்கொண்டு
சில்லறையை எண்ணாமல் வந்துவிடுவேன்.

நேற்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அழைப்பு:
ஏழாவது குறுக்குத் தெரு, கூரைமேல் கல்.
சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
எனக்கு முன்னால் டார்ச்சோடு
நிற்கிறார் அந்தம்மா.
தகரக் கூரை நெளிந்திருக்கிறது.
பக்கத்து வீட்டு மரம்.
வெளிச்சம் போய் நின்ற இடத்தில்
பச்சையாக ஒரு வெண்ணெய்ப்பழம்.

ஏதும் பேசாமல் எடுத்து
முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.
இன்னும் கல் மாதிரிதான் இருந்தது.
"அரிசிக்குள்ள வை, நாலு நாள்,"
என்றார், தமிழில்.

நான் எண்களுக்குப் பதில் அனுப்பினேன்:
பார்த்தாச்சு. காய்.