ஒரு பக்கம் இருபது காசு

பாலாய்க்கு நேர் எதிரே என் கடை.
நகல், லேமினேட், பாஸ்போர்ட் படம்.
மலாயில் மனு எழுதித் தரப்படும்.
குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போதெல்லாம்
செம்பனைப் பழம் ஒன்றிரண்டு ரோட்டில் உருளும்,
அடுத்த டயரில் நசுங்கும்.
மதியத்துக்குள் தார் முழுக்க எண்ணெய்.

தவமலர் பதினோரு பக்கம் கொண்டுவந்தாள்.
ஐந்து செட் என்றாள்.
கறுப்பு வெள்ளை போதும்.

படிக்கக் கூடாது என்பது
நகல் எடுப்பவனின் தர்மம்.
ஆனால் இந்த மெஷின்
தாளை முகம் தெரியத்தான் துப்புகிறது.
ஏழாம் பக்கத்தில் ஒரு மனிதக் கோட்டுப்படம்,
முன்புறம், பின்புறம்,
கண்ணில்லை, வாயில்லை.
முதுகிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கோடுகள்,
கோட்டுக்கு ஓர் எண்.
இருபத்து மூன்று வரை வந்தேன்.
அப்புறம் மை தீர்ந்ததா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் காரணம்:
நெஞ்சடைப்பு.
யோகேந்திரனுக்கு வயது இருபத்தாறு.

வரிசை பேசியது,
அவள் அங்கே இல்லாதது மாதிரி.

“அவன் மட்டும் யோக்கியனா? செம்புக் கம்பி கேசு இருந்துச்சில்ல.”
“எங்கம்மா சங்கிலிய அறுத்தவன நாலு தட்டு தட்டினப்பதான்
அடகுக்கடை பேரே வெளிய வந்துச்சி.”
“தட்டுறது வேற...” என்று தொடங்கிய ஒருவர்
கண்ணாடிக் கதவைப் பார்த்து
மின்சார பில்லை விசிறியாக்கிக்கொண்டார்.

கருநீல உடுப்பு உள்ளே வந்தது.
கார்ப்பரல் மரியசெல்வம்.
பழைய லயத்தில் எட்டாம் கதவு;
தவமலர் வீடு ஒன்பது.
கையில் மகனின் பிறப்புப் பத்திரம்,
உபகாரச் சம்பளத்துக்கு இரண்டு காப்பி.

“நீங்க முன்னால போங்க சார்.”
முழு வரிசையும் சொன்னது.
நகர்ந்தது.
அவள் மட்டும் நகரவில்லை.

நான் அவருடைய தாளை வாங்கினேன்.
அவசரம், அல்லது பயம், இரண்டுக்கும் விரல் ஒன்றுதான்,
பட்டனை முதலில் அழுத்தினேன்,
மூடியைப் பிறகுதான் திறந்தேன்.
கண்ணாடியில் ஏழாம் பக்கம் கிடந்தது.
சூடாக வந்த தாளைப் பார்க்காமலே
அவரிடம் நீட்டிவிட்டேன்.

அவர் பார்த்தார்.
நான் எண்ணியதைவிட நீளமாகப் பார்த்தார்.

“இது என்னோடது இல்ல.”

தவமலர் திரும்பினாள்.
“அப்ப யாரோடதுண்ணே?”

காற்றாடி ஒரு முழுச் சுற்று சுற்றியது.
அவர் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்,
மெதுவாக, எழுந்துவிடக் கூடாத ஏதோ ஒன்றைப் படுக்க வைப்பதுபோல.
பிறப்புப் பத்திரத்தையும் மறந்து போய்விட்டார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஐந்தடியில் நாசி லெமாக் விற்கும் ரொகாயா மாக்சிக் மட்டும்
ஒரு பொட்டலத்தை அவள் பையில் திணித்து
“சூடா மாக்கான்?” என்று கேட்டார்.
மூன்று வாரத்தில் இந்த டவுன்
அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

பதினோரு வெள்ளி.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
என்னிடம் அவள் ஒன்று கேட்டாள்:
அந்த ராத்திரி கடை திறந்திருந்ததா?

“மழைம்மா. சீக்கிரம் சாத்திட்டேன்.”

அன்று மழை இல்லை.
பத்தரை வரை திருமணப் பத்திரிகை அடித்தேன்.
சத்தம் கேட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
பிறகு அதற்கு மேலும் கூட்டினேன்.

இப்போது கதவை இறக்கியாகிவிட்டது.
கல்லாவுக்கு அடியில் கவிழ்ந்த தாள் ஒன்று,
கணக்கில் சேராதது.
இந்த ஊருக்காக எத்தனை மனு தட்டியிருப்பேன்,
எல்லாம் ‘சாயா’ என்றுதான் தொடங்கும்:
நான்.
ஒரு தடவைகூட அது நானாக இருந்ததில்லை.

சாயா, என்று தட்டினேன்.
அடையாள அட்டை எண்ணைத் தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.

எதிரே குழாயடியில் யாரோ
பூட்ஸ் கழுவுகிறார்கள்.
செம்பனை எண்ணெய்
லேசில் போகாது.